பிச்சைமணியின் படத்தை எடுத்துவிடு

உத்தமபாளையம்,
வியாழக்கிழமை.

அன்பு மகன் ஜஸ்டினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கு நான் சுகம், மூட்டுவலி மட்டும் விட்டபாடில்லை. அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மருமகளும் நோய்நொடியில்லாமல் இருக்கத் தினமும் ஜெபமாலை சொல்கிறேன். மதுக்கடை எதிர்ப்பு இயக்கத்து வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னை நீ எடுத்துவிட்டதால் தபாலில் எழுதுகிறேன், முழுசாகப் படி.

பிராந்திக்கடையை மூடியது உனக்குத் தெரியும். இயக்கத்துத் தலைவி ஜக்கம்மா முன்னால் நிற்க நாற்பத்தொரு நாள் பள்ளிக்கூட ரோட்டில் உட்கார்ந்தோம், திராட்சைத் தோட்ட வேலையை விட்டுவிட்டு நானும் உட்கார்ந்தேன். குடித்து விழுகிறவர்களைப் படம் பிடித்து இயக்கத்து ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டு ஊருக்கே காட்டுவோம் என்பது கனடாவிலிருந்து நீ சொன்ன யோசனை. முதல் இரண்டு படம் வந்தபோது நானும்தான் சிரித்தேன், அந்தப் பாவத்தை மறைக்கவில்லை. மூன்றாவது படம் பிச்சைமணி, மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறானே, நம் பவானியின் புருசன். வேட்டி விலகி, வாயில் எச்சில் ஒழுகச் சாக்கடை ஓரம் கிடந்தான். அதற்குக் கீழே நீ எழுதினாய், இவரைத் தெரிகிறதா என்று. தெரியாமல் என்ன, அவன் மகளோடு பிளஸ் டூ படிக்கிற அத்தனை பிள்ளைகளுக்கும் தெரிந்தது. மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

பவானி முதல் நாளிலிருந்து எங்களோடு உட்கார்ந்தவள். கூட்டத்தில் எழுந்து, "அந்தாளு என்னைய அடிக்கிறது நெசந்தேன், நாந்தேன் ஒங்ககிட்டச் சொன்னேன். அதுக்கு எம் மகளா தலைகுனியணும்" என்று கேட்டாள். நான்தான், கடையை எதிர்த்துத்தானே வந்தோம், படங்களை எடுத்துவிடுவோம் என்றேன். ஜக்கம்மா கொதித்துவிட்டாள். "குடிகாரனுக்கு வக்காலத்தா மேரிக்கா? ஒங்க வீட்டுக்காரரு எப்பிடிச் செத்தாகன்னு மறந்துபோச்சா" என்றாள். அவள் மகன் அந்தக் கடையில் குடித்துவிட்டு வண்டியிலிருந்து விழுந்து செத்தவன், அவள் கோபம் எனக்குப் புரியாததல்ல. ஆனால் உன் அப்பா ரத்தவாந்தி எடுத்த வாளியைக் கழுவியவள் நான், எனக்கா மறக்கும்?

அன்று சாயந்தரமே குரூப்பில் நீ எழுதினாய், சொந்த இரக்கத்துக்காக இயக்கத்தை உடைக்கக் கூடாது என்று. எழுதிவிட்டு என்னை நீக்கினாய். பக்கத்து வீட்டு அனிதா மேரிதான், "ஒங்க மகனே ஒங்களைய எடுத்துருக்காக" என்று தன் போனில் காட்டினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. தப்பென்று ஒரு வார்த்தை சொன்னதற்கு, பெற்றவளையே வெளியே தள்ள வேண்டுமா?

ஒன்று கேட்கிறேன் ராசா. நீ பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போன காலையில் உன் அப்பா அதே பள்ளிக்கூட ரோட்டில்தான் கிடந்தார். நீ அழுதுகொண்டே தாண்டிப் போனாய். சுந்தர்ராஜ் வாத்தியார் தன் துண்டை அவர் முகத்தின்மேல் போட்டு மூடிவிட்டு, உன் தோளில் கைபோட்டுக் கூட்டிப்போனார். அன்றைக்கு யாராவது படம் பிடித்து, இவரைத் தெரிகிறதா என்று உன் வகுப்புக்கு அனுப்பியிருந்தால் நீ பரீட்சை எழுதியிருப்பாயா?

கடை மூடிய அன்று வெடி வெடித்தார்கள், லட்டு கொடுத்தார்கள். பவானி வரவில்லை. அதே கடை இப்போது பைபாஸ் பக்கம் திறந்திருக்கிறது, பிச்சைமணி அவ்வளவு தூரம் நடந்துபோய்க் குடித்துவிட்டு வருகிறான். பவானிக்கு அடியும் கூடிவிட்டது, "நீதானே கூட்டத்துல சொன்ன" என்று அடிக்கிறானாம். மகள் என்னோடு திராட்சை வெட்ட வருகிறாள், கத்தரி பிடித்துக் கை கொப்பளித்திருக்கிறது. நேற்று, "பெரியம்மா, அந்தப் படம் இன்னும் இருக்கா" என்று கேட்டாள். இருக்கிறது என்று சொல்லாமல் கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன். அதற்குக் கீழே எழுதியது என் மகன் என்று சொல்லவும் தைரியம் வரவில்லை.

இயக்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாளை பைபாஸ் கடை முன்னால் உட்காரக் கூப்பிட்டாலும் போவேன், கூப்பிடத்தான் மாட்டார்கள்.

மருமகளை மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட விடாதே, வெளியே போகும்போது காதை மூடிக்கொள். மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். இயக்கப் பக்கம் உன் கையில்தான் இருக்கிறது, அந்தப் படத்தை எடுத்துவிடு. எடுத்துவிட்டுப் பவானியிடம் நீயே பேசு. திட்டுவாள், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்வாய், நானும் எடுப்பேன். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்பேன்.

இப்படிக்கு,
மனம் ஆறாத உன் அம்மா,
வியாகுலமேரி ஞானதுரை.