பூச்சியம் தசம் பூச்சியம் நாலு

மச்சான்,

கரண்ட் அளக்கும் உன் கிளாம்ப் மீற்றர் இப்போது என் மேசையில் இருக்கிறது. நேற்று உன் மனைவி கொண்டுவந்தார். உறையைத் திறந்ததும் கறுப்பு டேப்பின் பசை வாசம், உன் சட்டைப்பையில் எப்போதும் அடிப்பது. “நீங்களே வைச்சிருங்கோ அண்ணை. அவர் உங்களோடைதானே திரிஞ்சவர்” என்றார்.

ஒரே வாங்கில் இருந்து படித்தோம். நீ வயரிங் வேலைக்குப் போனாய், நான் வெங்காயத் தோட்டத்துக்கு. கணக்கில் நான்தான் கெட்டிக்காரன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். நீயும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவாய்.

கிணற்றடி மோட்டருக்கு, கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் ட்ரிப் சுவிச் பூட்டித் தந்தவன் நீ. அது அடிக்கடி விழத் தொடங்கியதும் வந்து இரண்டு வயரையும் சேர்த்து மீற்றரைக் கொளுவினாய். ட்ரிப் விழுமுன் கசிவு 0.04 அம்பியர் என்று காட்டியது.

“உதென்னடா, மோட்டர் அஞ்சு அம்பியர் இழுக்குது. உது எந்த மூலைக்கு?” என்றேன்.

“கணக்குப் புலி, ஆயிரத்தாலை பெருக்கு. நாப்பது மில்லி அம்பியர். முப்பது கசிஞ்சாலே ட்ரிப் விழவேணும். அதுக்கு மேலை மனுசன்ரை நெஞ்சு தாங்காது. மோட்டருக்குப் புதுசாக் கொயில் சுத்துவிக்காமல் ஓடவிடாதை.”

பெருக்கத் தெரியாமல் இல்லை. நட்ட வெங்காயம் வாடிக்கொண்டிருந்தது. கொயில் சுற்றுபவன் ஒரு கிழமை அவகாசம் கேட்டான். ஐந்துக்குப் பக்கத்தில் உன் 0.04 ஒரு எண்ணாகவே எனக்குத் தெரியவில்லை. நீ போனதும் ட்ரிப்பிலிருந்து வயர்களைக் கழற்றி நேரே முறுக்கிவிட்டேன். ட்ரிப் விழுந்து தொல்லை தந்தால் எங்கள் பக்கத்தில் பலரும் செய்கிற வேலைதான். தண்ணீர் நிற்காமல் ஓடியது. எனக்குப் பெரிய வெற்றி.

அடுத்த கிழமை மோட்டரின் சத்தம் மாறியது. உன்னைத்தான் கூப்பிட்டேன். ஈர வாய்க்காலில் வெறுங்காலோடு நின்று கேட்டாய்: “கொயில் சுத்துவிச்சனியே?”

“ஓம்” என்றேன். இல்லையென்றால் திட்டுவாய்.

நம்பிவிட்டாய். சூடு பார்க்க வழக்கம்போல் உள்ளங்கையை மோட்டரில் வைத்தாய். மெயின் சுவிச்சுக்கு இருபது அடிதான் இருக்கும். ஓடினேன் மச்சான். என் கை போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

செத்தவீட்டில் “பழைய மோட்டர், விதி” என்றார்கள். நானும் தலையாட்டினேன். முறுக்கிய வயரை யாரும் பார்க்குமுன் அவிழ்த்துவிட்டிருந்தேன்.

இன்று காலை புது மோட்டரில் உன் மீற்றரைக் கொளுவினேன். 0.00. அதையும் ஆயிரத்தால் பெருக்கிப் பார்த்தேன். இப்போது எதைக் கண்டாலும் பெருக்குகிறேன்.

நாளைக்கு இந்த மீற்றரை உன் வீட்டில் திருப்பிக் கொடுத்து, உன் மனைவியிடம் அந்த ‘ஓம்’ பொய் என்று சொல்லப்போகிறேன். அதன்பிறகு அவர் என்னை அண்ணை என்று கூப்பிடுவாரோ தெரியாது. நீ இருந்தால் நன்றாகத் திட்டியிருப்பாய். அந்தத் திட்டு ஒன்றுக்குப் பயந்துதானே உன்னை இழந்தேன்.