கேள்விகளை எடுத்துவிட்ட புத்தகம்

நவம்பர் 10, ஞாயிறு

ஊருக்கு மார்க்கம் சொல்லும் காஜா ஹஜரத் என் பெரியவாப்பா. அவர் எழுதும் புத்தகத்தில் ஏழாம் அத்தியாயம் தட்டச்சு செய்கிறேன். இஸ்லாத்தைப் பற்றிப் பிற மதத்தவர் கேட்கும் கேள்விகள், அவர் பதில்கள். எதிராளியின் கேள்வியை எதிராளியைவிட நன்றாகச் சொல்லிவிட்டுத்தான் பதிலைத் தொடங்குவார்.

குமரகுருபரன் வாத்தியார் வந்திருந்தார். சைவர். முப்பது வருடமாக ஞாயிறுதோறும் வாதாட வருகிறவர். வாத்தியாரின் கேள்வியைப் பெரியவாப்பாவே சொன்னார்: "பொறக்கும்போதே கண்ணில்லாத பிள்ளை. ஆண்டவன் சோதிக்கான்னு சொல்லுதோம். பச்சப்பிள்ளைக்கு என்ன சோதனை? கருணையுள்ளவன் செய்யுத காரியமா இது?"

வாத்தியார் சிரித்தார். "நான் கேட்டாக்கூட இவ்வளவு உறைக்காது வே."

"சோதனை பிள்ளைக்கில்ல வாத்தியாரே. பாத்துக்கிட்டு நிக்குத நமக்கு."

"இதுக்கு மறுப்பு ஒண்ணு வச்சிருக்கேன். பொறவு வாரேன்."

வழக்கம்போல் போனில் பதிவு செய்தேன்.

நவம்பர் 14, வியாழன்

நீள வீடியோவை யாரும் பார்ப்பதில்லை. கேள்வியை இன்று போடு, பதிலை நாளைக்குப் போடு என்றாள் என் தோழி நிலோஃபர். நல்ல யோசனை. கேள்வியை மட்டும் வெட்டி, பெரியவாப்பா பெயரில் நான் நடத்தும் பக்கத்தில் போட்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

விடியும் முன் ஊர் முழுக்கப் போய்விட்டது. 'காஜா ஹஜரத் அல்லாஹ்வையே கேள்வி கேட்கிறார்.'

சுற்றிய பீடியைக் கொடுக்கக் கடைக்குப் போன உம்மா திரும்பி வந்து கேட்டாள், "ஒருத்தியும் எங்கிட்ட பேசல. என்னத்தளா போட்டே நீ?"

உடனே பதிலையும் போட்டேன். யார் பார்த்தார்கள்?

வெள்ளிதோறும் ஜும்ஆ தொழுகையில் பெரியவாப்பா செய்யும் பயானை, பிரசங்கத்தை, இன்று வேறு ஒருவர் செய்தார்.

நவம்பர் 16

பெரியவாப்பா வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர்தான் முதலில் பேசினார். "தெரியும்ளா. அழாத."

"நாந்தான் போட்டேன்னு ஜமாஅத்துல வந்து சொல்லட்டுமா?"

"வேண்டாம். பொம்பளப் பிள்ள பேரைத் தெருத்தெருவா இழுப்பானுவ."

அதைக் கேட்டதும் நிம்மதியாக இருந்தது. நிம்மதி! என்ன பிறவி நான்?

நவம்பர் 18, திங்கள்

பெரியவாப்பாவை விசாரிக்கப் பள்ளிவாசலில் ஜமாஅத் கூட்டம். வாப்பா போய்வந்து சொன்னார். வாத்தியார் தானாகவே அங்கே போய் நின்றாராம். "முப்பது வருசமா என்னைத் தோக்கடிக்க மனுசன். இவரையா சந்தேகப்படுதிய?"

"பாருங்க, ஹஜரத்துக்கு வக்கீல் யாருன்னு!" என்று யாரோ சொல்ல, கூட்டமே சிரித்ததாம்.

கடைசியில், எல்லார் முன்னும் பெரியவாப்பா மறுபடி கலிமா, விசுவாச உறுதிமொழி, சொல்லட்டும் என்று முடிவு. நேற்றுதான் இஸ்லாத்துக்கு வந்தவரைப் போல. நாற்பது வருடம் அந்தக் கலிமாவுக்காகப் பேசியவர்.

"கலிமா சொல்ல எனக்கு என்ன கசப்பு?" என்று கேட்டு, எழுந்து கலிமாவைச் சொன்னாராம். குரல் நடுங்கவில்லையாம். என் பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை.

செருப்பைப் பள்ளிவாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தார்.

நவம்பர் 22, வெள்ளி

பயான் அவருக்கே திரும்பக் கிடைத்தது. எல்லாம் சரியாகிவிட்டதாம்.

நவம்பர் 29

"புத்தகத்துல கேள்வி எல்லாத்தையும் எடுத்திரும்மா. பதில் மட்டும் போதும்."

"கேள்வி இல்லாம பதில் எப்படிப் பெரியவாப்பா புரியும்?"

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எடுத்தேன். இப்போது படித்தால், ஆளில்லாத அறையில் ஒருவர் பேசிக்கொண்டே இருப்பதுபோல் இருக்கிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

இரண்டு ஞாயிறு வராமலிருந்த வாத்தியார் இன்று வந்தார். பெரியும்மா டீ கொடுத்தாள். நான் போனோடு கதவோரம் நின்றேன்.

"அந்தக் கண்ணில்லாத பிள்ளை விசயம். ஒண்ணு வச்சிருக்கேன்னு சொன்னேம்லா..."

பெரியவாப்பா டீயை அவர் பக்கம் நகர்த்தினார். "மணிமுத்தாறு அணையில தண்ணி எவ்வளவு நிக்கு வாத்தியாரே?"

வாத்தியார் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு, பைய, அணையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

நான் பதிவு செய்யவில்லை.