மணிக்கட்டில் இறங்கிய ஊசி

என்னங்க,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடது கையால் எழுதுகிறேன்.

நீங்கள் அக்குபஞ்சர் ஊசி குத்தும்போது வைத்தியத்துக்கு வந்தவர்கள் சொல்வதையெல்லாம் நோட்டில் குறிப்பது என் வேலை. நான் சொன்னது மட்டும் அந்த நோட்டில் இல்லை. வலது மணிக்கட்டில் நீங்கள் குத்தியதும் விரல் நுனிவரை மின்சாரம் அடித்தது. "ஐயோ, எடுத்துடுங்க" என்று கத்தினேன். "அதுதான்டி சக்தி ஓடுது, அசையாதே" என்று இன்னும் ஆழமாக இறக்கினீர்கள். நாற்பது நாளாகக் கட்டைவிரலும் அடுத்த இரண்டும் மரத்துக் கிடக்கின்றன. கைகூப்பினால் ஒரு கைக்குத்தான் இன்னொரு கை தெரிகிறது.

வருகிறவர்களிடம் "என் வீட்டுக்காரியையே கேளுங்க" என்பீர்கள். நானும் சிரித்துத் தலையாட்டுவேன். உங்களைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை.

நாளை அதே இடத்தில் குத்திக்கொள்ளப்போகும் தையல்கார அக்கா இன்று கேட்டார்: "வலிச்சுதாம்மா?" நீங்கள் பின்னாலேயே நின்றிருந்தீர்கள்.

"எறும்பு கடிச்ச மாதிரிதான்க்கா."

"அப்பாடா! இந்த விரல்தானே எனக்குச் சோறு போடுது."

அதற்குப் பிறகு என்னால் சாமி கும்பிட முடியவில்லை.

காலையில் நோட்டைத் திறந்ததும் இதைப் படிப்பீர்கள். என் விரல்கள் மரத்துப்போனதை அந்த அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் கண்ணெதிரே உங்கள் ஊசியை என் மரத்த விரலில் குத்திக்கொள்வேன். இந்த முறை நான் அசையமாட்டேன்.

உங்கள் நோட்டுக்காரி