அத்தைகிட்ட யார் சொல்றது

செப். 5, வெள்ளி

காலையிலருந்து தூறல். கம்பெனி பஸ் பத்து நிமிஷம் லேட். ஃபர்ஸ்ட் ஷிப்ட். கேன்டீன்ல மறுபடியும் உப்புமா.

இந்த டைரி ஜனவரியில பேரிங் சப்ளையர் குடுத்தது. எட்டு மாசம் சும்மா கெடந்துச்சு. இனிமே இதுல ஹனிமூன் பிளான் மட்டும்தான். வேற எதுவும் எழுதக் கூடாது. (உப்புமா கணக்குல வராது.)

ஏன் இப்ப: வைகாசியில கல்யாணம். ஆடி பொறந்ததும் என்னைக் காவேரிப்பட்டினம் அனுப்பிட்டாங்க, அம்மா வீட்டுக்கு. திரும்பி வந்தா நான் ஃபர்ஸ்ட் ஷிப்ட், தி. செகண்ட். நான் செகண்டுன்னா அவர் ஃபர்ஸ்ட். எனக்கு ஞாயிறு லீவு, அவருக்குச் செவ்வாய். நான் தெருவுல இறங்குறேன், அவர் பைக் முனையில திரும்புது. கை காட்டுவார். நானும் காட்டுவேன். அன்னைக்குக் குடும்பம் அவ்ளோதான்.

(தி. = தினேஷ். முழுசா எழுத இன்னும் கூச்சம்.)

கல்யாணம் ஆனதுலருந்து நான் அதிகம் பேசினது அத்தைகிட்டதான். தி.யோட அம்மா. ரோஸ் பண்ணையில பேக்கிங் வேலை. நல்ல மனுஷி. ஆனா அத்தையக் கட்டிக்கவா நான் இந்த வீட்டுக்கு வந்தேன்?

வேணுங்கறது: ரெண்டு நாள். நானும் அவரும். வேற யாரும் இல்லாம.

எங்க: மைசூர் ரோட்ல ஒரு தீம் பார்க். உள்ளயே ரிசார்ட். ஊட்டின்னா போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவுல குளிரு.

எப்ப: 15, 16. திங்கள் செவ்வாய் ரேட் கம்மி. 17 புரட்டாசி பொறக்குது. அப்புறம் அத்தை வீட்ல கவிச்சி கெடையாது. பஃபேக்கும் சேர்த்துக் காசு கட்டிட்டு, சிக்கனைப் பாத்துக்கிட்டே தயிர்சாதம் சாப்பிட என்னால முடியாது.

அத்தைகிட்ட யார் சொல்றது: தி.


செப். 7, ஞாயிறு

வெயில். துணி எல்லாம் காஞ்சுது. தி. ஒரு மணி வரைக்கும் வீட்ல. அதுக்குள்ள ரெண்டு வேலை.

1. புக்கிங். சாதா பேக்கேஜ், ஹனிமூன் பேக்கேஜ்னு ரெண்டு இருக்கு. ஹனிமூனுக்கு ரெண்டாயிரத்து எண்ணூறு எக்ஸ்ட்ரா. எதுக்குன்னு பாத்தா கட்டில் மேல ரோஜா இதழ் தூவுவாங்களாம், துண்ட மடிச்சு ரெண்டு அன்னம் பண்ணி வைப்பாங்களாம். நம்ம ஓசூர்லருந்து வண்டி வண்டியா பெங்களூர் போற பூவ, நாம அங்க போய்க் காசு குடுத்துப் பாக்கணுமா? அன்னத்த நானே மடிப்பேன். ஒண்ணு மடிச்சுப் பாத்தேன். தி. பாத்துட்டு, "கோழியா?"

சாதா பேக்கேஜ் போட்டாச்சு. கேன்சல் பண்ணா பணம் திரும்பாது.

2. அத்தைகிட்ட சொல்றது. தி. சமையக்கட்டுக்குள்ள போனார். ரெண்டு நிமிஷம். வெளிய வந்தார், நெத்தியெல்லாம் வேர்வை.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"வரேன்னு சொன்னாங்க."

"எங்க?"

"சாமுண்டி மலைக்கு."

கொஞ்சம் கொஞ்சமா உருவி எடுத்தேன். 'ஹனிமூன்'னு அம்மா முன்னாடி வாய் வரலையாம். 'மைசூர் பக்கம் போறோம்'னு ஆரம்பிச்சாராம். 'எதுக்கு?'ன்னு கேட்டாங்களாம். வாய்க்கு வந்தது சாமுண்டி மலை. அத்தை உடனே, 'அம்மனுக்குச் சேலை சாத்தறேன்னு வேண்டிக்கிட்டது பாக்கி இருக்குடா, நானும் வரேன்'னு சொல்லிட்டாங்க.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரிம்மான்னு சொன்னேன்."

சரிம்மா! பிரஸ் ஷாப்ல, தகடு அடிக்கிற சத்தத்துல, நாப்பது பேர மேய்க்கிற மனுஷன்.


செப். 9, செவ்வாய்

மேகமூட்டம். லைன்ல ரெண்டு தடவ ஸ்டாப். தி.க்கு லீவு, எனக்கு வேலை. வழக்கம்போல.

என் ரெண்டு நாள் வேலைக்கு எனக்குப் பதிலா ஷபானா நிப்பா. பக்கத்து டேபிள்ல இன்ஸ்பெக்ஷன், எனக்கு ரெண்டு வருஷம் சீனியர். அவ அக்கா பொண்ணு நிச்சயத்தன்னைக்கு அவளுக்குப் பதிலா நான் நிக்கணும். கணக்குச் சரி. மாமியார் கதையக் கேட்டுட்டு அவ சொன்னது:

"நாங்க ஹனிமூன் போனப்ப வேன்ல பன்னெண்டு பேருடி. மாமனார், மாமியார், கொழுந்தனார், அவர் புள்ளைங்க. போட்டோல எங்க வீட்டுக்காரர எங்கன்னு தேடணும். நீயாச்சும் தப்பிச்சுக்கோ."

வாங்க வேண்டியது:
தண்ணி ரைடுக்கு நைலான் டிரஸ் (காட்டன் விடமாட்டாங்களாம், சேலை கூடவே கூடாது). பாகலூர் ரோட்டுக் கடையில பாதி விலை.
செல்போனுக்குப் பிளாஸ்டிக் கவர்.
நிப்பட்டு (தட்டைதான்). வெளிச் சாப்பாடு உள்ள விடமாட்டாங்க. துணிக்கு நடுவுல வைக்கணும்.
மாமியார வீட்லயே இருக்க வைக்க ஒரு வழி.


செப். 11, வியாழன்

மழை. பஸ் இறங்கி வீடு வர்றதுக்குள்ள நனைஞ்சேன். தி. டூட்டிக்குப் போயாச்சு. நாலு மணிக்கு அத்தை பண்ணையிலருந்து வந்தாங்க. டீ போட்டுக் குடுத்தேன். ஒரு வாய் குடிச்சுட்டு,

"பாப்பா, கேக்குல முட்ட வேணாம்னு சொல்லிட்டேன்."

"எந்த கேக் அத்தை?"

"உங்க ஹனிமூன் கேக்குதான்."

என் டம்ளர் கீழ. டீ பூரா தரையில.

செவ்வாய்க்கிழமை அத்தைக்கு உடம்பு சரியில்ல, வீட்லயே இருந்திருக்காங்க. தி. முடி வெட்டப் போயிட்டார், போன் சார்ஜ்ல. அடிச்சிருக்கு. அத்தை எடுத்திருக்காங்க. ரிசார்ட் பொண்ணு, கன்னடத்துல. 'புதுசாக் கல்யாணம் ஆனவங்கன்னு போட்டிருக்கு, கேக் எங்க செலவு, முட்டை போட்டதா, போடாததா?' அத்தைக்குக் கன்னடம், தெலுங்கு ரெண்டும் தண்ணி பட்ட பாடு. பண்ணையில பாதிப் பேருகிட்ட அதுலதான் பேச்சு. முட்டைக்குப் பதில் சொல்லிட்டு, ரூம் எந்த மாடி, சுடுதண்ணி எப்ப வரும், ஜன்னல்கிட்ட மோட்டார் ரூம் இருக்குதான்னு எல்லாம் விசாரிச்சிருக்காங்க. மோட்டார் ரூம் இருந்துச்சாம். வேற ரூம் மாத்த வெச்சுட்டாங்க.

எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல. "மன்னிச்சுக்குங்க அத்தை, இன்னைக்கே அவர்கிட்ட சொல்லி..."

"நீ வாயத் தொறக்காத. அவன் வாயால வரணும்." டம்ளர வெச்சாங்க. "சாமி பேரச் சொல்லி எங்கிட்ட பொய் சொல்றான் பாரு. நான் வேணாம்னா சொல்லப் போறேன்? சின்னதுலருந்து எதக் கேட்டாலும் சரிம்மா. அப்பன் இல்லாத புள்ள, சொன்ன பேச்சு கேக்குதுன்னு நானும் பூரிச்சுப் போயிட்டேன். கட்டினவளுக்காக எங்கிட்டயே ஒரு வார்த்த பேச மாட்டான்னா, நாளைக்கு உனக்காக வேற எவன்கிட்ட பேசுவான்?"

"சொல்லலன்னா அத்தை?"

"நானும் பஸ் ஏறுவேன். கேக்கு எனக்கும் புடிக்கும்."

சிரிக்கறாங்களான்னு பாத்தேன். சிரிக்கல.

எனக்கும் இதேதான் உறுத்திக்கிட்டு இருந்துச்சு. ரைடு, ரூம், பஃபே எதுவும் இல்ல. இந்த ஆளு எனக்காக ஒரு தடவ வாயத் தொறப்பாரா?


செப். 12, வெள்ளி

தூறல். கேன்டீன்ல லெமன் சாதம். பரவால்ல.

டீ பிரேக் பத்து நிமிஷம், தி. போன் பண்ணார். நேத்து எல்லாம் யோசிச்சாராம். மூணு பிளான்:

அ) பஸ் ஃபுல்லுன்னு சொல்றது. (எந்த பஸ்ஸுங்க? கால் மணிக்கு ஒண்ணு போகுது.)

ஆ) மொதல்ல நெஜமாவே மலைக்குப் போய் அம்மனைக் கும்பிட்டுட்டு, அம்மாவ ஓசூர் கொண்டாந்து விட்டுட்டு, மறுபடி நாம கெளம்பறது. (அப்ப ரிசார்ட் போய்ச் சேர மறுநாள் செக்-அவுட் டைம் ஆயிடும்.)

இ) "அம்மாவும் வரட்டுமே. அவங்க எப்படியும் ரைடுல ஏற மாட்டாங்க. பையப் பாத்துப்பாங்க. லாக்கர் வாடகை மிச்சம்."

லாக்கர் வாடகை மிச்சம்!

வந்துச்சு பாருங்க எனக்குக் கோவம். "உங்கம்மாவ லாக்கரா வெச்சுட்டு, என்னையும் அதுல போட்டுப் பூட்டிட்டு, நீங்க மட்டும் ராட்டினத்துல சுத்துங்க"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். லைன்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ஷபானா அவ டப்பாவுலருந்து ஒரு சமோசா எடுத்து என் டேபிள்ல வெச்சுட்டுப் போனா.

அப்புறம் ரெண்டு தடவ போன். எடுக்கல.

சாயந்தரம் அத்தை ஆர்வமா, "சொன்னானா?"

"இல்ல அத்தை."

"காலையில எங்கிட்ட வந்தான். 'அம்மா'ன்னான். 'என்னடா'ன்னேன். 'சாம்பார்ல உப்பு கம்மி'ன்னுட்டுப் போயிட்டான். இன்னும் சாம்பாரே வெக்கல."


செப். 14, ஞாயிறு

வெயிலும் தூறலும் மாறி மாறி. பேக்கிங்.

தி.கிட்ட ரெண்டு நாளா அளவாத்தான் பேச்சு. சாப்பாடு இருக்கு. துண்டு அங்க. அவரும் நாய்க்குட்டியாட்டம் பின்னாலயே சுத்தறார், ஆனா சுத்த வேண்டிய எடம் சமையக்கட்டு.

அத்தை ஹால்ல நடுவுல உக்காந்து பை கட்டறாங்க. நல்லா தெரியற மாதிரி. தேங்காய், கற்பூரம், அம்மனுக்குப் பச்சை சேலை. ஒவ்வொண்ணயும் எடுத்துக் காட்டி, "இது எடுத்துக்கட்டுமாடா?"

"சரிம்மா."

"மலையில குளிருமே, சால்வை?"

"சரிம்மா."

"அங்க எனக்குத் தனி ரூமா, இல்ல மூணு பேரும் ஒண்ணாவாடா?"

தி. மூஞ்சி செவந்து போச்சு. வாய் தொறந்துச்சு. நானும் அத்தையும் அவர் வாயையே பாத்தோம்.

"குக்கர் விசில் வந்துச்சாம்மா?"

அடுப்பே பத்த வெக்கல.

அவர் கடைக்குப் போன நேரம் அத்தை ஒரு பெரிய கவர் குடுத்தாங்க. பண்ணையில ரிஜெக்ட் ஆன ரோஜா, இதழ் இதழா உதுத்து, ஈரத்துணி சுத்தி. "சாமிக்கு"ன்னாங்க. அப்பவும் சிரிக்கல.

பாத்ரூம்ல குழாயத் தொறந்து விட்டுட்டுக் கொஞ்சம் அழுதேன். நாளைக்கு அவங்க நெஜமாவே ஏறிட்டா நான் என்ன பண்ணுவேன்? அவங்க மேல கோவம் வராது. அவர் மேல வர்ற கோவம் ரெண்டு நாள்ல போகற கோவமாவும் இருக்காது. அதுதான் பயமா இருக்கு.


செப். 15, திங்கள்

பஸ்ஸுல எழுதறேன். கையெழுத்து ஆடுது. வானம் தெளிவு.

ஏழரைக்கு பஸ் ஸ்டாண்ட். மூணு பேர், நாலு பை. மைசூர் பஸ் நின்னுச்சு. அத்தைதான் மொதல்ல ஏறினாங்க. மூணு பேர் சீட்டு, ஜன்னலோரம் உக்காந்து பைய மடியில வெச்சுக்கிட்டாங்க. பக்கத்துல நான். ஓரத்துல தி. டிரைவர் வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டார். சரி, தலையெழுத்துன்னு கண்ண மூடிக்கிட்டேன்.

கண்டக்டர் வந்தார். "எஷ்டு டிக்கெட்?"

அத்தை நிமிந்து, தெளிவா, "மூரு." மூணு.

தி. கையில பணம். குடுக்கல. கண்டக்டர் கைய நீட்டிட்டு நிக்கறார். பின்னாடி யாரோ, "சீக்கிரம் எடுங்கப்பா."

"ரெண்டு"ன்னார் தி.

"என்னடா?"

"ரெண்டு டிக்கெட்தான். அம்மா, நீ எறங்கு. நாங்க கோயிலுக்குப் போகல. ஹனிமூன் போறோம். நானும் பவித்ராவும் மட்டும்."

மெதுவாச் சொல்லணும்னுதான் நெனச்சிருப்பார். பிரஸ் சத்தத்துல கத்திக் கத்திப் பழகின தொண்டை. டிரைவர் கூடத் திரும்பினார். மொத்த பஸ்ஸும் எங்களையே பாக்குது. முன்சீட்டு அம்மா ஒருத்தங்க முந்தானையால வாயப் பொத்திக்கிட்டாங்க. எனக்குச் சீட்டுக்கு அடியில போயிடலாமான்னு இருந்துச்சு. ஆனா சந்தோஷம். அப்படியொரு சந்தோஷம்.

அத்தை ரொம்ப ஆச்சரியப்பட்டவங்க மாதிரி, "அப்படியா? மொதல்லயே சொல்றதுக்கு என்னடா? என்னமோ நான் தடுக்கற மாதிரி!" பைய எடுத்துக்கிட்டாங்க. என்னைத் தாண்டறப்ப முட்டியில ஒரு தட்டு. எறங்கிட்டாங்க.

தி. ஜன்னல் வழியா, "அம்மா, கோச்சுக்கிட்டியா?"

"போடா, பஸ்ஸு கெளம்புது."

ஜன்னலோரம் நகர்ந்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பண்ணை வேன் நின்னுட்டு இருந்துச்சு. உள்ள இருந்த பொம்பளைங்க அத்தைக்கு எடம் விட்டு நகர்ந்தாங்க. அத்தை படியில நின்னே பையத் தொறந்து, வேலைக்குப் போடற கோட்ட எடுத்து மாட்டிக்கிட்டாங்க. டிபன் பாக்ஸும் எட்டிப் பாத்துச்சு. இன்னைக்கு அவங்க லீவே போடல.

இதுக்குள்ள தி., வெளிய எதையும் பாக்காம, கண் கலங்கி, "பாவம், அம்மாவுக்கு ஒரு நாள் லீவு வீணாப் போச்சு. எல்லாம் என்னாலதான்."

கோட்டப் பாத்தத நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். இது அவர் ஜெயிச்சதாவே இருக்கட்டும்.

அத்திப்பள்ளி டிராஃபிக். பஸ் நகரல. ரெண்டு டிக்கெட்டும் இன்னும் அவர் கையில. அந்தக் கையப் புடிச்சுக்கிட்டேன், பட்டப் பகல்ல, பஸ்ஸுல.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"எத?"

"கண்டக்டர்கிட்ட சொன்னத."

சுத்தியும் பாத்தார். குனிஞ்சு, என் காதுகிட்ட, ரகசியமாத்தான் ஆரம்பிச்சார். பிரஸ் ஷாப் தொண்டைதானே. முன்சீட்டு அம்மா திரும்பாமலே சொன்னாங்க:

"தெரியும் தம்பி. போயிட்டு வாங்க."