உடன் வருபவர்

ஜூன் 9
கிழக்குக் காற்று. துணியை வீட்டுக்குள்ளேயே உலர்த்தினேன். வாசலில் விழுந்த எரிமலைச் சாம்பலைப் பெருக்கி, அதற்கென்று நகராட்சி தரும் மஞ்சள் பைகளில் அள்ளினேன். நாலு பை. சேய்ஜி இருந்தால் பையின் வாயைப் பிடித்திருப்பார். அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருடம். புருஷனை இதற்கா நினைப்பார்கள்? வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 12
பகுதித் தலைவி நாகாகமா படிவத்தோடு வந்தாள். மலை வெடித்தால் யார் யாரோடு படகுத்துறைக்குப் போவது என்று வருடாவருடம் எழுதித் தர வேண்டும். ‘உடன் வருபவர்’ என்ற இடத்தைப் போன வருடம் காலியாக விட்டேன். இந்தத் தடவை அப்படி விடக் கூடாதாம். மகன் தொலைவில், ஃபுகுஓகாவில். பக்கத்தில் இருப்பது ஹமாசாகியின் வீடு ஒன்றுதான். அவரோடு பேசி ஒரு வருடமாகிறது.

ஜூன் 13
எழுதியே விடுகிறேன், தப்பு என்னுடையதுதான். போன வருடம் முதுகுவலியில் பையில் அள்ள முடியாமல், சாம்பலைத் தண்ணீர் அடித்து வாய்க்காலில் தள்ளினேன். இந்தத் தீவில் சின்னப் பிள்ளைகூட அதைச் செய்யாது. சாம்பல் சிமெண்ட் மாதிரி இறுகி, மழைத் தண்ணீர் ஹமாசாகியின் வீட்டுக்குள் புகுந்தது. தரையில் பதித்த பாய்களெல்லாம் நாசம்.
“பையில அள்ள முடியலையா, தோமிகோ சான்?” என்று மட்டும்தான் கேட்டார்.
“கூட அள்ள எனக்கு யார் இருக்கா?” என்றேன், சுள்ளென்று. மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில்.

ஜூன் 20
படிவத்தில் சேய்ஜியின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏன்? தெரியவில்லை.

ஜூன் 22
நாகாகமா படிவத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். தேநீர் குடித்து முடித்தாள். பிறகு புதுப் படிவம் ஒன்றை வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 3
நிலம் வீங்குகிறது என்று செய்தியில் சொன்னார்கள். விரிகுடாவுக்கு அடியில் தேங்கிய பாறைக்குழம்பு மலைக்குள் ஏறுகிறதாம். சேய்ஜி இருபது வருடம் இந்தத் தீவைச் சுற்றி நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தவர். “வெடிச்சா இளைச்சுடும். அடக்கி வெச்சாத்தான் வீங்கும்” என்பார், என்னைப் பார்த்துக்கொண்டே.

ஜூலை 17
மதியம் வெடித்தது. கூரையில் கல் விழுந்தது. எல்லோரையும் துறைக்கு வரச் சொல்லி ஒலிபெருக்கி அலறியது. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, கதவுக்கு உள்பக்கப் படியில் உட்கார்ந்தேன். எழவில்லை. யாருக்காக ஓடறது — அப்படித்தான் தோன்றியது.
கதவைத் திறந்துகொண்டு ஹமாசாகி வந்தார்.
“ஷூவ மாட்டுங்க. நீங்க வராம நான் போக முடியாது.”
துறையில் நாகாகமா பட்டியலை வாசித்தாள். ஹமாசாகி, உடன் வருபவர் தோமிகோ. எப்போதிலிருந்து என்று அவளிடம் கேட்டேன். போன வருடம் பாய் நனைந்த அடுத்த வாரமே எழுதிக் கொடுத்தாராம், இந்த வருடமும் அதேதானாம். என்னிடம் சொல்லக் கூடாது என்றாராம்.
படகில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இயந்திரச் சத்தத்தில் காதில் விழுந்திருக்காது.

ஜூலை 26
வீடு திரும்பியாயிற்று. வாய்க்காலில் இறுகிக் கிடந்த சாம்பலைக் கடப்பாறையால் கொத்தத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் ஹமாசாகி மண்வெட்டியோடு வந்தார். உடைந்த கட்டிகளை அள்ளினார்.
“படகுல சொன்னது கேட்டுச்சு” என்றார் பிறகு.

ஜூலை 27
புதுப் படிவத்தில் ஹமாசாகியின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். காலையில் பதினோரு பை கட்டினோம்.