இடப்பக்கக் கண்ணாடி

தை மாதம், செவ்வாய்க்கிழமை

கார்க் கண்ணாடிகளில் இருந்த கறுப்பு ஸ்டிக்கரை இன்று உரித்தாகிவிட்டது. நோய் வருத்தத்தில் மெலிந்துபோன தன் முகத்தைத் தெருவில் ஒருவரும் பார்க்கக்கூடாது என்று இவர் ஒட்டச் சொன்னது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பொலிஸ் மறிக்கும். உள்ளே இவரை எட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்வார்கள். இப்போது நான் தனியே ஓட்டுகிறேன். போன கிழமை மறித்தவர் விடவில்லை, கழற்றச் சொல்லிவிட்டார்.

ஏறாவூரில் ஒரு கடையில் காரைக் கொடுத்தேன். இடப்பக்கக் கண்ணாடியில், ஸ்டிக்கரின் மேல் இவருடைய திருநீறு அப்பியிருந்தது. வழியெல்லாம் நெற்றியை அதில் சாய்த்துக்கொண்டுதான் வருவார். இவர் கண்மூடிய பிறகும் நான் அதைத் துடைக்கவில்லை. கடைக்காரரிடம் சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது? தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், எல்லாம் சுருண்டு வாளிக்குள் கிடந்தது.

“இனி ஒருத்தரும் மறிக்க மாட்டாங்க அக்கா. புது ஸ்டிக்கர் மெல்லிசாத்தான் ஒட்டியிருக்கன். உள்ளுக்க இருக்கிற ஆள் நல்லாத் தெரியும்,” என்றார் கடைக்காரர். “பசை காயுமட்டும் கண்ணாடிய இறக்காதீங்க.”

“ஓம்” என்றேன்.

கல்லடிப் பாலத்தில் ஏறியதும், வாவிக்காற்று வரட்டும் என்று இவர் அந்தக் கண்ணாடியை இறக்கச் சொல்வார். இன்றும் என் கை தானாகப் போனது. கடைக்காரர் சொன்னது நினைவு வந்து, கையை எடுத்துக்கொண்டு, “இண்டைக்கு இறக்கேலாது” என்றேன்.

சொன்ன பிறகுதான் பக்கத்துச் சீட்டைப் பார்த்தேன்.