மஞ்சள் வில்லையோடு மலைக்குப் போன கறுப்பி

அன்பு மகள் ரெசியாட்டோவுக்கு,

பிள்ளைகள் சுகம், மாடுகள் சுகம், இந்த முறை மழையும் சுகம். உன் அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதற்கு வீட்டில் எல்லோரும் பழகிவிட்டோம். நீ சுகமா, இருமல் போனதா, அந்த ஊரில் சூரியன் ஒரு தடவையாவது எட்டிப் பார்த்ததா? இந்தக் கடிதத்தை மாட்டு டாக்டர் ஷாயோ கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் ஆய்வுக்கூடத்துக்கு ரத்தக் குப்பிகளோடு அவள்தானே வருகிறாள். கூடவே ஒரு குடுவை புளித்த பாலும் கொடுத்தேன், விமானத்தில் விடமாட்டார்கள் என்று சொல்லி அவளே இங்கே உட்கார்ந்து குடித்துவிட்டாள். வாழைப்பழம் தின்று வளர்ந்த கிளிமஞ்சாரோக்காரிக்கு இப்போது நம் பால் இல்லாமல் பொழுது விடியவில்லை. நீயும் அந்த அட்டைப்பெட்டிப் பாலை நம்பி இருக்காதே, கொஞ்சம் கறியும் சேர்த்துக்கொள், போன படத்தில் உன் கழுத்தெலும்பு தெரிந்தது.

போன மாதம் நீ ஃபோனில், அப்பா குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னேன். அது பொய். அவர் தொண்டையில் ஒன்றுமில்லை, மானம் போய்ப் படுத்திருந்தார். நடந்ததை இப்போது சொல்லலாம், எல்லாம் முடிந்துவிட்டது, நீயும் சிரிக்கலாம். அப்போது சொல்லியிருந்தால் நீ பாதிப் படிப்பில் விமானம் ஏறியிருப்பாய்.

உன் தம்பி லோசேரியனுக்கு விருத்தசேதனச் சடங்கு நடந்தது தெரியும். உன் அப்பாவுக்கு அன்று தலைகால் புரியவில்லை. மலை மேட்டிலிருந்து அவருடைய கூட்டாளி கோய்னெட் வந்திருந்தான். பாவம், போன வறட்சியில் அவன் பட்டியே காலியாகிவிட்டது. அவன் நம் தொழுவத்தில் நின்று கறுப்பியைப் பார்த்து, இவ்வளவு லட்சணமான கிடாரியை நான் பார்த்ததில்லை என்று சொன்னான். அவ்வளவுதான். உன் அப்பா, பிடி, உனக்குத்தான் என்று கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டார். என் வீட்டுக்கென்று ஒதுக்கிய கிடாரி, உனக்குப் படிப்புக்கு இடம் கிடைத்த அன்று பிறந்தது, உன் பேரில் விட்டது, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நான் அவரிடம் எப்படிக் கேட்டேன் என்று எழுதமாட்டேன், காகிதம் தாங்காது. கிடாரி கொடுத்தவனும் வாங்கியவனும் அன்றிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளக் கூடாதே, கிடாரி உறவுக்குப் பாஷே என்றுதானே பேர், விருந்து முடியும்வரை பாஷே இங்கே வா, பாஷே இன்னும் கொஞ்சம் கறி வை என்று கிழவர்கள் இரண்டும் கொஞ்சிக்கொண்டதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கறுப்பியின் காதில் உங்கள் ஆராய்ச்சியின் மஞ்சள் அடையாள வில்லை தொங்கியது. அதை ஒருவரும் நினைக்கவில்லை, நானும்தான். கொடுப்பது என்று வந்துவிட்டால் நம் ஆட்களுக்குக் காதும் தெரியாது, காதில் தொங்குவதும் தெரியாது. கோய்னெட் அதை நகை என்று நினைத்தானாம்.

தாடிக்காரிகள், அதுதான் நூ மான்கள், குட்டி போட வந்து இறங்கிய நேரம் அது. சமவெளி முழுக்க அவைதான், எங்கே பார்த்தாலும் நடுங்கும் குட்டிகள். அந்தக் குட்டிகளின் மூக்குத் தண்ணீர் பட்ட புல்லை மாடு மேய்ந்தால் கண் வெளுத்துச் சாகும் என்பதற்காகத்தானே காலம்காலமாக நாம் நல்ல புல்லை அவர்களுக்கு விட்டுவிட்டு மலைக்கு ஓடுகிறோம். இந்த வருஷமும் மற்ற மாடுகள் எல்லாம் மலைக்குப் போய்விட்டன. வில்லை மாட்டிய மாடுகள் மட்டும் சமவெளியிலேயே மேயவேண்டும் என்பது ஷாயோவோடு பேச்சு. பாதி மாட்டுக்கு அந்த நோயைத் தடுக்கும் மருந்து ஊசி, பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர், எதற்கு எது என்பது ஷாயோவுக்கே தெரியாது. செத்தால் மாற்று மாடு உண்டு, ஆனால் மாற்று மாடு நாம் வைத்த பேரைச் சொன்னால் திரும்பிப் பார்க்குமா? அதனால் ஊர் முதலில் தயங்கியது. உன் அப்பாதான் எழுந்து, என் மகளும் சேர்ந்து பண்ணின மருந்து, முதல்ல என் மாட்டுக்குப் போடு என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எல்லோரும் சம்மதித்தார்கள்.

விருந்து முடிந்த சில நாளில் ஷாயோ காய்ச்சல் பார்க்க வந்தாள். எல்லா மாடும் நின்றது, கறுப்பி இல்லை. எங்கே என்று கேட்டாள். உன் அப்பா பெருமையாக, கோய்னெட்டுக்குக் குடுத்துட்டேன், மேட்டுல இருக்கு என்று சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. பக்கத்து வீட்டு நோலாரி அங்கேயே நின்றாள். அவள் வாயைத்தான் உனக்குத் தெரியுமே. ஓகோ, எங்க மாட்டுக்கு உப்புத் தண்ணி, உங்க மாட்டுக்கு மலைக் காத்தா, நல்லா இருக்கு ரெசியாட்டோம்மா உங்க நியாயம் என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள். வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தானே தெரியும். மகள் சொல்லிக் கொடுத்துவிட்டாள், அவள் பேரில் விட்ட மாட்டை மட்டும் அப்பன் தப்பவைத்துவிட்டான் என்று அன்று சாயங்காலத்துக்குள் பேச்சு பரவிவிட்டது. நோலாரி தன் வில்லை மாடுகளை அப்போதே பிரித்து நிறுத்திவிட்டாள். மற்ற வீட்டு ஆண்களும் மரத்தடியில் கூடி, இரண்டு நாள் கழித்துத் தங்கள் மாடுகளையும் மலைக்கு ஓட்டுவது என்று முடிவு பண்ணிவிட்டார்கள்.

ஷாயோ என் வீட்டில் வந்து உட்கார்ந்தாள். ஒரு மாடு போனா பரவாயில்லம்மா, எழுதிச் சமாளிச்சுக்கலாம், எல்லாரும் ஓட்டிட்டுப் போயிட்டா ரெசியாட்டோவோட இத்தனை வருஷ வேலையும் போச்சு, இந்த ஊரு இனிமே ஊசியே போட விடாது என்று சொன்னாள். பிறகு அவள் உன் அப்பாவிடம், ஒரு ஃபோன் போட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லுங்களேன் என்று கேட்டுவிட்டாள். மீனைக் கையாலும் தொடாத உன் அப்பா, மீன் தின்னச் சொன்னவளைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தார். கொடுத்த கிடாரியைத் திருப்பிக் கேட்பவன் மனுஷனா? உள்ளே போய் மாட்டுத்தோலை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அன்றைக்குத்தான் நீ ஃபோன் பண்ணினாய்.

கேட்கக் கூடாது, சரி. ஆனால் விருந்தாளியாகப் போனால் ஊர்ச் செய்தி முழுவதையும் ஒன்று விடாமல் சொல்லியாக வேண்டும், அதுவும் நம் வழக்கம்தானே. மறுநாள் காலையிலேயே ஒரு மோட்டார் சைக்கிள்காரன் பின்னால் ஏறி உட்கார்ந்து கோய்னெட் வீட்டுக்குப் போய்விட்டேன். இடுப்பு இன்னும் வலிக்கிறது. அவன் மனைவி தேநீர் கொடுத்தாள். நான் மழையைச் சொன்னேன், லோசேரியன் காயம் ஆறியதைச் சொன்னேன், ஷாயோ வந்ததைச் சொன்னேன், நோலாரி கேட்டதை அவள் குரலிலேயே சொன்னேன், ஊர் மாடு ஓட்டப்போவதைச் சொன்னேன், உன் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதைச் சொன்னேன். கறுப்பி வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. கறுப்பியோ வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கோய்னெட் மூக்குப்பொடியைத் தட்டிப் போட்டுக்கொண்டான். பிறகு, செய்தியெல்லாம் கேட்டாச்சு, என் கஷ்டத்தையும் கேளுங்க, எங்க மேட்டுல இந்த வருஷம் புல்லே சரியில்ல என்று சொன்னான். அவன் பின்னால் புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. நான் அந்தப் புல்லைப் பார்த்தேன், அவனும் திரும்பிப் பார்த்தான். ஆமாம், ரொம்ப மோசம்தான் என்று சொன்னேன். அவன் மனைவி சிரிப்பை மறைக்க மேல்துணியால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர்கள் வீட்டில் இந்த வருஷம் இருக்கும் ஒரே கிடாரி கறுப்பிதான், மகளே. சமவெளிக்கு வந்து அது செத்தால் அவர்கள் பட்டியில் ஆடுதான் மிச்சம். அது தெரிந்தும் சிரித்தாள், அவளை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அடுத்த நாள் ஆண்கள் மாடுகளை ஓட்டக் கிளம்பி நிற்கும்போது எதிரே கோய்னெட் கறுப்பியை ஓட்டிக்கொண்டு வந்தான். ராத்திரி எங்கே தங்கினானோ, காலெல்லாம் புழுதி. உன் அப்பாவைத் தேடி வீட்டுக்கு வரவில்லை, நேரே எல்லோர் முன்னாலும் நின்று, பாஷே எங்கே, கூப்பிடுங்க, அவர்கிட்ட ஒரு உதவி கேட்கணும் என்று சொன்னான். உன் அப்பா எழுந்து வந்தார். கோய்னெட் சத்தமாக, பாஷே, இது என் மாடு, மேட்டுல புல்லு இல்ல, குட்டி போடற காலம் முடியறவரைக்கும் உங்க மாட்டோட இந்தச் சமவெளியில மேய விடணும், இடம் குடுப்பீங்களா என்று கேட்டான். நட்புக்காரன் மாட்டுக்கு மேய இடம் இல்லை என்று சொல்ல முடியுமா? கொடுத்தது கொடுத்தபடியே இருந்தது, கறுப்பியும் வந்துவிட்டாள். உன் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது, தூசி என்று சொல்லிக்கொண்டார்.

மேட்டில் புல் எப்படி இருக்கிறது என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். கடைசியில் நோலாரிதான், புல்லு இல்லையாம், பாவம் என்று முணுமுணுத்துவிட்டுத் தன் மாடுகளைச் சமவெளிப் பக்கம் திருப்பி அடித்தாள். அவள் பின்னால் மற்றவர்களும் திருப்பினார்கள். ஷாயோ கறுப்பி மலையில் இருந்த நாட்களை மறைக்காமல் எழுதிக்கொண்டாள், அது சரிதான், நீயும் அதைத் திருத்தச் சொல்லாதே.

அதற்குப் பிறகு தினமும் விடிந்தால் கண்களைப் பார்ப்பதே வேலையாக இருந்தது. நம்முடையதில் ஒரு காளைக்கன்று போய்விட்டது. நோலாரியின் செவலைப் பசுவும் போனது, அன்று நான் அவள் வீட்டில் போய் உட்கார்ந்திருந்தேன், அவள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குட்டிகளுக்கு நடுவில் மேய்ந்த மாடுகளில் இத்தனை உயிரோடு நிற்கும் என்று ஊரில் ஒருவரும் நினைக்கவில்லை. எல்லாம் உப்புத் தண்ணீரின் புண்ணியமாக இருக்க முடியாது இல்லையா? ஷாயோ வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள், அங்கே வந்து, எந்த மாட்டுக்கு எது என்று எழுதி மூடிய உறையைப் பிரித்த பிறகுதான் தெரியும் என்கிறாள், ஆனால் போன வாரம் தொழுவத்தில் தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள். கறுப்பி நன்றாக இருக்கிறாள். சினையும் பிடித்திருக்கிறாள். முதல் ஈற்றில் கிடாரி பிறந்தால் அது உனக்குத்தான் என்று கோய்னெட் சொல்லிவிட்டான். அப்படியானால் நீயும் அவனும் இனிமேல் ஒருவரை ஒருவர் பாஷே என்றுதான் கூப்பிடவேண்டும். என் மகளை அந்தக் கிழவன் அப்படிக் கூப்பிடப்போவதைக் கேட்கக் காத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. காலுக்கு உறை போடாமல் தூங்காதே. ஷாயோவை வெளியே அழைத்துப் போய் நல்ல கறி வாங்கிக் கொடு, அவள் நமக்காக நிறையப் பேச்சு வாங்கியிருக்கிறாள். உன் அப்பா இந்தக் காகிதத்தில் எச்சில் தெளித்து ஆசீர்வதித்திருக்கிறார், ஓரத்தில் மை கலைந்திருப்பது அதனால்தான், சோதனைக் குழாயில் போட்டுப் பார்க்காதே. போகிற வழியெல்லாம் உனக்குப் பசும்புல்லாக இருக்கட்டும், கடவுள் உன்னைத் தேனைப் போல வைத்துக்கொள்ளட்டும்.

ஒன்றே ஒன்று மறந்துவிட்டேன். ஊருக்குத் திரும்பும்போது கோய்னெட், கறுப்பிக்குப் போட்டது மருந்தா உப்புத் தண்ணியான்னு யாரும் எங்கிட்ட சொல்லக் கூடாது, மருந்துன்னா நான் பண்ணினது ஒண்ணுமில்லன்னு ஆயிடும், உப்புத் தண்ணின்னா என் பொண்டாட்டி என்னைக் கொன்னுடுவா என்று சொல்லிவிட்டுப் போனான். உன் அப்பாவும் தனக்குத் தெரிய வேண்டாம் என்கிறார். உறையைப் பிரித்ததும் எனக்கு மட்டும் சொல்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
நெம்பிரிஸ்